ஏற்காடு மலைக்கு இரண்டு பேர், ஒரு வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சேலம் கோரிமேட்டில் நின்று பாருங்கள். மலைக்குப் போகும் பைக்குகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் போகும். புருஷன் பெண்டாட்டி, காலேஜ் பையன்கள் இரண்டு பேர், அம்மாவைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போகும் மகன். ஓட்டுகிறவர் அதே வண்டியில் வாரம் முழுக்கத் தனியாக ஜங்ஷனுக்கும் அஸ்தம்பட்டிக்கும் போய் வந்தவர். இன்றைக்குப் பின்னால் 60 கிலோ கூடியிருக்கிறது. டயரில் அதே காற்று, பிரேக்கில் அதே தளர்ச்சி, கையில் அதே பழக்கம்.

கணக்கைப் பாருங்கள். 100 சிசி வண்டி சுமார் 110 கிலோ. ஓட்டுகிறவர் 70. ஆக 180. பின்னால் 60 ஏறினால் 240. எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. சங்ககிரி லாரி டிரைவர் யாரும் இவ்வளவு கூடுதல் சுமையை ஏற்றிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்காமல் கிளம்பமாட்டார். பைக்கில் மட்டும் ‘ஏறு, போலாம்’ என்று கிளம்பிவிடுகிறோம்.

கூடிய எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின்சீட்டு கிட்டத்தட்டப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது, ஓட்டுகிறவரின் சீட்டைவிடக் கொஞ்சம் உயரத்தில். அதனால் அந்த 60 கிலோவில் பெரும்பகுதியைப் பின்டயர்தான் வாங்குகிறது, முன்டயருக்குப் போவது கொஞ்சம்தான். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கும்போது முன்பக்கம் இன்னும் லேசாகும். இறக்கத்தில் எல்லாமே தலைகீழ்: இரண்டு பேரின் எடையும் முன்னால் வழிந்து ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் வந்து நிற்கும். மலைப்பாதையில் இரண்டு பேரோடு போகும்போது வரும் சிக்கல்கள் முக்கால்வாசி இதிலிருந்து கிளைப்பவை.

வீட்டு வாசலில்

முதலில் காற்று. வண்டியின் செயின் கவரிலோ பின்பக்க ஃபோர்க்கிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தனி ஆளுக்கு ஒரு அளவு, இரண்டு பேருக்கு ஒரு அளவு என்று பின்டயருக்கு இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பல சின்ன வண்டிகளில் முன்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் தனியாக 28, இரண்டு பேருக்கு 32. சில வண்டிகளில் இரண்டு பேருக்கு 40ஐத் தாண்டியும் கேட்கும். உங்கள் வண்டி என்ன கேட்கிறதோ அதுதான் சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அல்ல. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் “எவ்வளவுண்ணா?” என்று கேட்கும்போது “நீயே பார்த்துப் போடுப்பா” என்று சொல்லிவிடாதீர்கள். அவன் எல்லாருக்கும் ஒரே அளவைத்தான் போடுவான்.

டயர் ஆறியிருக்கும்போது பார்த்த அளவுதான் உண்மை. வெயிலில் அடிவாரம் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் முள் சில பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் தப்பாகிவிடும். ஆகவே வீட்டுக்குப் பக்கத்து பங்கிலேயே முடித்துவிடுங்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி மடங்குகிறது. வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வருவதுபோல ஆடும். டயர் சூடேறும், டியூப் நகர்ந்து வால்வின் அடியில் கிழியும். காற்று அதிகமானால் தரையைத் தொடும் பரப்பு குறைந்து ஈர ரோட்டில் பிடிப்பு போகும்.

காற்றுப் பார்க்கக் குனிந்ததோடு டயரின் வயதையும் பார்த்துவிடலாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்குள் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் மலைக்கு அந்த டயர் வேண்டாம்.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. டூல் கிட்டில் கொக்கிபோல வளைந்த ஸ்பேனர் ஒன்று இருக்குமே, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதது, அது இதற்குத்தான். தனியாக இரண்டாம் படியில் ஓட்டுகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கு நான்காம் படி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் நிமிரும். ஹேண்டில் லேசாகி, திருப்பினால் சோம்பலாகத் திரும்பும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சைடு ஸ்டாண்டு இடது பக்கம்தான் இருக்கிறது, சென்டர் ஸ்டாண்டின் மிதியும் அங்கேதான். பின்பக்கம் அமுங்கிய வண்டி இடது வளைவில் சாயும்போது அந்த இரும்பு ரோட்டைத் தொடும். லேசாக உரசினால் பொறி பறக்கும். அழுந்தத் தொட்டால் பின்டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும்.

செயினைப் பலர் தனி ஆள் கணக்கில் இறுக்கி வைத்திருப்பார்கள். ஆள் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் கியர் பாக்ஸ் பேரிங்குக்குக் கேடு. நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். செயினைச் சரிசெய்யச் சக்கரத்தைப் பின்னால் தள்ளியிருந்தால், டிரம் பிரேக்கின் ராடும் சேர்ந்து இறுகிவிடும். அந்த நட்டைத் தளர்த்த மறந்தால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடும், மலை ஏறும் முன்பே டிரம் சூடாகிவிடும்.

பிரேக்கில் பார்க்க வேண்டியது மூன்றுதான். டிரம் பிரேக்கின் கையில் ஒரு அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுக்க மிதித்தால் அது டிரம் தட்டில் உள்ள கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷூ தீர்ந்துவிட்டது. டிஸ்க் என்றால் பேடில் உள்ள பள்ளம் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மூன்றாவது பிரேக் ஆயில். ஹேண்டில் மேல் இருக்கும் சின்ன டப்பாவின் கண்ணாடி வழியே அதன் நிறம் கடுங்காப்பி மாதிரித் தெரிந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது என்று பொருள். ஏன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் என்பது இறக்கத்தில் புரியும், அங்கே சொல்கிறேன்.

ஹெட்லைட்டும் ஆள் ஏறினால் வானத்தைப் பார்க்கும். சாயங்காலம் திரும்பப் போகிறீர்கள் என்றால் பின்னால் ஆளை உட்காரவைத்து ஒரு சுவருக்கு நேரே நிறுத்தி இறக்கி வையுங்கள்.

ஹெல்மெட்டும் மல்லிகைப்பூவும்

நம் வீடுகளில் நல்ல ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு, ஸ்ட்ராப் அறுந்த பழையது பின்னால் உட்காருகிறவருக்கு. விழும்போது இரண்டு தலையும் ஒரே ரோட்டில்தான் விழும். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள ஹேண்டில்கூட இல்லாதவர். ஐஎஸ்ஐ முத்திரை, அதன் பக்கத்தில் ஐஎஸ் 4151 என்ற எண், இரண்டையும் பாருங்கள். போட்டு ஸ்ட்ராப்பை மாட்டியபின் தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். பின்னாலிருந்து ஹெல்மெட்டின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது.

கொண்டை போட்டு அதன் மேல் ஹெல்மெட் மாட்டினால் அது முன்னால் தள்ளிக்கொண்டு கண்ணை மறைக்கும். தாழ்வாகப் பின்னல் போடுவது நல்லது. பூவைப் பையில் எடுத்துப் போய் ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி ஓட்டுகிறவரைத் தவிர ஒரே ஒரு ஆள், அதுவும் பொருத்திய சீட்டில். 129ஆவது பிரிவுப்படி நான்கு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் ஹெல்மெட். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த இரண்டில் எதை மீறினாலும் 1000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பின்னால் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டு, இவை மூன்றும் விதியில் உள்ளவை. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றி வீட்டில் வைத்திருப்பவர்கள், மலைக்கு அம்மாவைக் கூட்டிப் போகும் முன் அதைத் திரும்ப மாட்டுங்கள்.

குழந்தையை டேங்க் மேல் உட்காரவைப்பது, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். திடீர்ப் பிரேக்கில் குழந்தையின் முகம் போய் மோதுவது மீட்டரில். ஸ்கூட்டரில் இன்னொன்றும் உண்டு. இன்ஜினை அணைக்காமல் நிறுத்திக் காய்கறி வாங்கும்போது, முன்னால் நிற்கும் பிள்ளை கைக்கு எட்டும் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துத் திருகிவிடும். ஸ்கூட்டருக்குக் கிளட்ச் பிடி இல்லை. அடுத்த நொடி வண்டி பாய்ந்துவிடும்.

பின்னால் உட்காருவதும் ஒரு வேலை

ஏறுவது எப்போதும் இடது பக்கமாக. வலது பக்கம் சைலன்சர், கெண்டைக்கால் வெந்துபோகும். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை நேராக வைத்து “ஏறுங்கம்மா” என்று சொன்ன பிறகு ஏற வேண்டும். இடது கையை ஓட்டுகிறவரின் தோளில் வைத்து, இடது காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, வலது காலை வீசிப் போட வேண்டும். முட்டிவலி இருக்கும் பெரியவர்களுக்கு வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்தினால் பாதி உயரம் குறைந்துவிடும். “உட்கார்ந்தாச்சா?” “ம்ம், போலாம்” என்ற பதில் வராமல் கிளட்சை விடாதீர்கள். இறங்கும்போதும் அதே மாதிரி, சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எதிர்பாராமல் ஒரு பக்கம் எடை மாறினால் நின்ற வண்டியே சாய்ந்துவிடும்.

உட்கார்ந்த பிறகு இரண்டு முட்டியும் ஓட்டுகிறவரின் இடுப்பை லேசாக அணைக்க வேண்டும். ஒரு கை அவர் இடுப்பில், இன்னொரு கை பின்னால் இருக்கும் கைப்பிடியில். தோளைப் பிடிப்பது நல்லதல்ல. குலுக்கல் எல்லாம் தோள் வழியே ஹேண்டிலுக்குப் போகும். வண்டி நின்றாலும் கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கட்டும். சிக்னலில் உதவி செய்வதாக நினைத்துத் தரையில் கால் வைப்பவர்களின் பாதம்தான், வண்டி நகரும்போது மாட்டிக்கொள்கிறது.

வளைவில் என்ன செய்வது? வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம், ஓட்டுகிறவரின் தோளுக்கு மேல் எட்டிப் பாருங்கள். இடது வளைவு என்றால் இடது தோளுக்கு மேல். தலை போகும் பக்கம் உடம்பு தானாகப் போகும், அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால், ஓட்டுகிறவர் அதே வளைவுக்கு வண்டியை இன்னும் சாய்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு பக்கமாக உட்காருவதைப் பற்றி. சேலை கட்டி இடது பக்கம் கால் போட்டு உட்காருவது ஊருக்குள் பழகிப்போன விஷயம். செவ்வாய்ப்பேட்டை தெருக்களில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒருவழியாக ஓடிவிடும். மலையில் நிலைமை வேறு. இடது வளைவில் அவர் கால் இருக்கும் பக்கமே வண்டி சாய்கிறது, சமாளித்துவிடலாம். வலது வளைவில் வண்டி அவருடைய முதுகுப் பக்கம் சாய்கிறது. மல்லாக்க விழப்போகிற உணர்வு வரும், உடம்பு தன்னையறியாமல் முன்னால், அதாவது இடது பக்கம், வளையும். வண்டிக்கு நேர் எதிர்த் திசை அது. இதில் தப்பு அவருடையது அல்ல, அப்படி உட்கார்ந்தால் யார் உடம்பும் அதைத்தான் செய்யும். ஆகவே மலைக்கு மட்டுமாவது சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது. துப்பட்டாவின் இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும். சேலைதான் என்றால், வண்டியை விட்டுவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தட்டும் குறிகளைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். முதுகில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. காற்றிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் பேச்சு கேட்காது. ஓட்டுகிறவரும் வேகத்தடை வந்தால் இடது கையால் அவர் முட்டியைத் தொட்டுக் காட்டலாம். பெயின்ட் அழிந்த வேகத்தடைகளில்தான் பின்னால் இருப்பவர் தூக்கியெறியப்படுகிறார், அதுவும் தூக்கக் கலக்கத்தில் இருந்தால்.

ஏற்றம்

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். நாம் ரோட்டின் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால், ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்கு. அது அகலம், சரிவும் குறைவு. இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம் நமக்கு. அது குறுகல், சரிவோ செங்குத்து. இரண்டு பேரோடு போகும் வண்டி மூச்சு வாங்கி நிற்பது இந்த இடது வளைவுகளில்தான்.

அதற்கு ஒரே மருந்து, வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைப்பது. இரண்டாம் கியர், சின்ன வண்டி என்றால் முதல் கியர். வளைவுக்குள் போய்க் கிளட்சைப் பிடித்தால் இழுவை அறுந்து வண்டி அப்படியே உள்பக்கம் சாயும். அதற்கு மேல் கால் ஊன்றித்தான் நிறுத்த முடியும், இரண்டு பேர் எடையை ஒரு கால் தாங்காது. கண் முன்டயருக்குப் பக்கத்தில் நிற்காமல், வளைவு முடியும் இடத்தை, அதாவது தோளுக்கு மேல் உயரத்தில் தெரியும் ரோட்டைப் பார்க்கட்டும்.

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது, இன்ஜினின் பலமும் அதற்கேற்ப. கீழே மூன்றாம் கியரில் இழுத்த வண்டி மேலே இரண்டாம் கியர் கேட்டால் வண்டியைத் திட்ட வேண்டாம். ஹாஃப் கிளட்சில் இழுத்தால் மட்டும் கருகிய வாடை வரும். வந்துவிட்டால் நேரான, அகலமான இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

மேலிருந்து பஸ் வருகிறதா, வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி சொல்கிறது. ஆனால் பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் பைக்கோடு நிற்பவருக்கு விதிப்புத்தகத்தால் பயன் இல்லை.

வண்டி வளைவில் நின்றேவிட்டதா? ஏற்றத்தில் எடை பின்சக்கரத்தில் இருப்பதால் முன்பிரேக் மட்டும் போதாது. முன்டயர் பூட்டிக்கொண்டே பின்னால் சறுக்கும். இடது காலை ஊன்றி, வலது காலால் பின்பிரேக்கை அழுத்துங்கள். இன்ஜின் அணைந்திருந்தால் முதல் கியரிலேயே கிளட்சை விட்டுவிடுங்கள், இன்ஜினே கட்டைபோல் பிடித்துக்கொள்ளும். பிறகு பின்னால் இருப்பவர் இறங்கட்டும். அவர் வளைவுக்கு மேலே நடந்து போவதற்குள் நீங்கள் தனியாக வண்டியை ஏற்றிவிடலாம். மானத்துக்காக இரண்டு பேரோடும் மறுபடி கிளப்பப் பார்ப்பதில்தான் வண்டி சாய்கிறது.

வழியில் காட்சி பார்க்க நிறுத்தினால் வண்டியின் மூக்கு ஏற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும், முதல் கியரில் இருக்க வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் சைடு ஸ்டாண்டு மடங்கி வண்டி உருண்டுவிடும். தின்பண்டப் பையைப் பின்னால் இருப்பவர் கையில் தொங்கவிட வேண்டாம். குரங்கு பறிக்க வரும்போது அவர் துள்ளினால் வண்டியும் துள்ளும்.

இறக்கம்

ஏற்றத்தில் இன்ஜின் திணறினால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறக்கத்தில் எதுவும் சொல்லாது. வண்டி சுகமாக வழுக்கிக்கொண்டு போகும், அதனால்தான் ஆபத்து அங்கே.

உயர வித்தியாசத்தைக் குறைத்தே 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 240 கிலோ எடை அவ்வளவு தூரம் கீழே இறங்கினால் அதன் சக்தி முழுக்க எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 24 லட்சம் ஜூல். எட்டு லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீராக எடுத்துக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் அது. தனியாக இறங்கினால் ஆறு லிட்டர். கொஞ்சம் காற்றுக்கும் டயருக்கும் போகும். மீதி இன்ஜினுக்குப் போகிறதா, பிரேக்குக்குப் போகிறதா என்பது உங்கள் கையில்.

இங்கேதான் சேலத்து வண்டிக்காரர்களின் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது: மேலே வண்டியை அணைத்து நியூட்ரலில் விட்டு, அடிவாரம் வரை பெட்ரோல் மிச்சம் பிடிப்பது. பிரேக் வேலை செய்யும்தான். ஆனால் எட்டு லிட்டர் வெப்பமும் உள்ளங்கையளவு பிரேக் ஷூவுக்குப் போகிறது. சாவியை அணைத்துவிட்டால் ஹாரன் இல்லை, பிரேக் லைட் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் செத்துவிடும். சரி, பெட்ரோலாவது மிஞ்சுகிறதா? பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக் காலத்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலானவை, கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோலைத் தானாக நிறுத்திவிடுகின்றன. இன்ஜினைச் சுற்றுவது மலைதான், பெட்ரோல் அல்ல. அதாவது இரண்டாம் கியரில் இறங்குவதற்கும் அணைத்துவிட்டு இறங்குவதற்கும் செலவில் வித்தியாசம் சொற்பம். நியூட்ரலில் ஓடவிட்டு இறங்குகிறவர்தான் மூவரில் அதிகம் செலவழிப்பவர்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாம் கியரில் இன்ஜின் கத்தும். பின்னால் இருப்பவர் “என்னங்க, வண்டி இப்படிக் கத்துது?” என்பார். கத்தட்டும், இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கை எப்போதும் லேசாக மிதித்துக்கொண்டே வர வேண்டாம். நேரான பகுதியில், வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தை 15, 20க்குக் கொண்டுவந்து, பிறகு முழுக்க விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிரம்மும் டிஸ்க்கும் ஆறும். முன்பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக இறுக்குங்கள். பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று முட்டுகிறதா? உங்கள் பிரேக் பிடிப்பு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பிரேக் சூடேறினால் என்ன ஆகும்? டிரம் வெப்பத்தில் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி முன்னைவிட ஆழமாகப் போகும், பிடிப்பு குறையும். டிஸ்க்கில் கதை வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். உள்ளே கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், நீங்கள் பிடி பிடியென்று பிடித்தாலும் அமுங்குவது குமிழ்தான், பேடு அல்ல. பிடி தொளதொளவென்று ஹேண்டில் வரை வந்துவிடும். இரண்டு வருடக் கணக்கு இதற்காகத்தான்.

அப்படி ஒரு கணம் வந்தே விட்டால்: பிடியை வேகமாகப் பலமுறை அடித்துப் பாருங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கூடவே கியரை ஒவ்வொன்றாக முதல் கியர் வரை இறக்குங்கள். “கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்று சொல்லுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் அல்ல, மலைச்சுவர்ப் பக்கம் எதிரே வண்டி இல்லாத நேரம் பார்த்து ஒதுங்கி, மண்ணிலோ புதரிலோ வேகத்தைக் கொல்லுங்கள்.

ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெல்ட்டில் ஓடும் வண்டியில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானே விடுபட்டு, வண்டி நியூட்ரலில் விட்டதுபோல உருளும். ஆக்ஸிலரேட்டரை ஒரு நொடி லேசாகத் திருகி விட்டால் கிளட்ச் மறுபடி பிடித்து இன்ஜின் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். ஆனால் கியர் வண்டி அளவுக்கு இல்லை. இரண்டு பெரியவர்களோடு இறங்கும் ஸ்கூட்டர் வழியில் இரண்டு இடத்திலாவது நின்று ஆற வேண்டும். மின்சார ஸ்கூட்டர் என்றால் மேலே சார்ஜ் முழுக்க நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லையென்றால் மோட்டார் வழியாகக் கிடைக்கும் பிரேக் குறைந்துவிடும்.

பின்னால் இருப்பவர் இறக்கத்தில் முன்னால் வழுக்கி வருவார். இரண்டு கையாலும் பின் கைப்பிடியைப் பிடித்து, முட்டியால் அணைத்து, ஃபுட்ரெஸ்டில் காலை அழுத்தித் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் டேங்கை முட்டியால் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் எடையும் மணிக்கட்டில் ஏறி, ஏழெட்டு வளைவுக்குள் விரல் மரத்துவிடும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

மேலே வாங்கியதைக் கொண்டுவருவது தனிக் கலை. காப்பித்தூளும் மிளகும் பிரச்சினை இல்லை. நர்சரிச் செடியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, பலாப்பழத்தை மடியில் வைத்து இறங்குகிறவர்களை என்ன சொல்ல. ஹேண்டிலில் மாட்டிய பை ஒவ்வொரு வளைவிலும் ஆடி ஹேண்டிலை இழுக்கும். முதுகுப்பை ஐந்து கிலோவுக்கு மேல் போனால் பின்னால் இருப்பவரை ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும், இறக்கத்தில் தள்ளும். பலாப்பழம் சேலத்திலேயே கிடைக்கும்.

ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மழையோ மூடுபனியோ வந்துவிடும். பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் ரோட்டோரக் கோட்டைப் பார்த்து இறங்குங்கள். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் திறந்து வைத்தால் உள்ளே ஆவி படியாது. வளைவில் பஸ்கள் சிந்திய டீசல் மழைநீரில் வானவில் நிறத்தில் மினுக்கும். அதன் மேல் சாயாமல், நிமிர்ந்து மெதுவாகக் கடக்க வேண்டும். காட்டுமாடு ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம். குப்பனூர் வழி இன்னும் ஒடுக்கமானது. இரண்டு பேரோடு முதல்முறை போகிறவர்கள் அதில் இருட்டில் இறங்காமல் இருப்பது நல்லது.

அடிவாரம் வந்ததும் ஒரு டீக்கு நிறுத்துங்கள். டிரம்மையோ டிஸ்க்கையோ கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் குனிந்தாலே வெப்பம் முகத்தில் அடிக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும். கால் மணி நேரம் சும்மா நிற்கட்டும். மறுநாள் காலை தனியாக வேலைக்குக் கிளம்பும் முன் பின்டயரைத் தனி ஆள் அளவுக்கு இறக்கி, ஷாக் அப்சார்பரை இரண்டாம் படிக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து ரோடு போவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.